நூலால் அளந்த தூரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம். உங்களுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். அழவில்லை. பசியும் இல்லை, அவ்வளவுதான்.

இன்று புவியியல் வகுப்பில், இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கச் சொன்னார்கள். நான் இந்தக் குளிர்தேசத்திலிருந்து நம் ஊருக்கு, சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன்.

“ஏண்டி, பூமி என்ன தோசைக்கல்லா? பூகோள உருண்டையில நூலை வச்சு அளடி!” என்று பக்கத்து பெஞ்சுத் தமிழ்க்காரி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். நூலில் அளந்தபோது தூரம் குறைந்துவிட்டது. ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர். விமானத்தில் ஒன்பது மணி நேரம்.

“அவ்வளவு தூரம் வர வேண்டாம், பரீட்சையைப் பார்” என்கிறீர்கள். காலையில் ஏறினால் அன்றைக்கே அம்மாவின் கட்டில் பக்கத்தில் இருப்பேன், அப்பா. ஆபரேஷனுக்கு முன்னால் வரட்டுமா? விடுதிக்கு போன் செய்து ‘வா’ என்றால் போதும்.

வேண்டாம் என்றால், அம்மா கட்டிய சேலை ஒன்றை அனுப்புங்கள். இங்கே போர்வை போதவில்லை. துவைக்காமலே அனுப்புங்கள்.

உங்கள் மகள்.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.