பாதி நாள் கடல், பாதி நாள் கரை

அன்பும் அறிவும் அளவுக்கு மீறி வாய்த்த என் அக்கா மகளுக்கு,

இன்னும் கட்டப்படாத கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் காவலரும், ஒரு தகரக் கொட்டகைக்கும் கால் ஆடும் நாற்காலிக்கும் தனிப்பெரும் சக்கரவர்த்தியுமான உன் மாமன் எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம். தண்ணீர் லாரி வரும் நாளில் மட்டும் அவள் போடும் சத்தம் உன் ஊர்வரை கேட்டிருக்கும், பொறுத்துக்கொள்.

ஆலைக்கு அனுமதி கிடைத்தால் இங்கே வேலைக்கு வருவதாகவும், இல்லையென்றால் இந்த மாதக் கடைசியில் அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்துவிடுவதாகவும் போனில் சொன்னாய் அல்லவா? கேள், அனுமதி வந்துவிட்டது! வந்த கதையையும் கேள்.

குழாய் கடலில் இறங்கும் இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்திருக்கிறார்கள். அதைக் கரை அலுவலகமும் கடல் அலுவலகமும் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். என்ன சாபமோ, கரை அதிகாரி வரும்போதெல்லாம் தண்ணீர் ஏறி முளை முங்கியிருக்கும். "இது கடலுங்க, நமக்கு சம்பந்தமே இல்ல" என்று எழுதிவிட்டுப் போவார். கடல் அதிகாரி வரும்போது தண்ணீர் வடிந்திருக்கும். "மணல்ல நிக்குது, இதுக்கு நான் எதுக்கு?" என்பார். அலை ஏறும், இறங்கும் என்று நான் சொன்னதற்கு, "அதை எழுத்துல குடுங்க" என்றார்கள் இருவரும். இப்படியே அந்தக் கோப்பு அலைந்து அலைந்து, அதற்குத் தாடி முளைத்து, நரைக்கவும் தொடங்கிவிட்டது.

போன வாரம் கரை அதிகாரியின் ஜீப் மணலில் புதைந்தது. யானை படுத்த மாதிரி படுத்துவிட்டது! இழுக்க டிராக்டர் இருப்பது கடல் அலுவலகத்தில்தான். அந்த அதிகாரியே அதில் ஏறி ராஜா மாதிரி வந்து சேர்ந்தார். அதற்குள் தண்ணீர் பாதி வடிந்து, முளை இடுப்பளவு வெளியே நின்றது. "பாருங்க, முளை வெளிய நிக்குது, உங்க ஆளு" என்றார் கடல்காரர். "கீழ பாருங்க, தண்ணியில நிக்குது, உங்க ஆளு" என்றார் கரைக்காரர். சண்டை சூடுபிடித்த நேரத்தில் ஓர் அலை வந்து இருவர் பேண்ட்டையும் முழங்கால்வரை நனைத்தது. முதலில் சிரித்தவர் கடல்காரர். ஜீப் பானெட்டின் மேலேயே கோப்பை வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முளைக்கு முத்தம் கொடுக்கலாமா என்றிருந்தது எனக்கு.

அக்காவிடம் சொன்னேன். "அவள வா வான்னு எழுதித் தொலைக்காத. அவ இஷ்டம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து காப்பி, தண்ணீர், மறுபடி காப்பி என்று ஏதாவது சாக்கில் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். அப்படி ஒன்றும் எழுதவில்லை என்றேன். "நல்லது" என்றவள் போகாமல் நின்றுகொண்டே இருக்கிறாள்.

அதனால் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அவள் என்ன எழுதச் சொல்லியிருப்பாள் என்று உனக்குத் தெரியும்.



எங்கே இருந்தாலும் நூறு வருஷம் நன்றாக இரு, கண்ணு.

உன் மாமன்