எனக்குப் பிடிக்காத கோழிகளுக்காகப் பேசியது

அன்பு மகளுக்கு,

நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பா நலம், அவருடைய கோழிகள் மிகமிக நலம், என்னைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் சொல்லலாமென்றால் பாதியில் பிடுங்கித் தன் கதையைச் சொல்லிவிடுகிறார்.

லிப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். நான் காலையில் பல் டாக்டர் கிளினிக் வேலைக்குக் கிளம்பும்போது எந்த நாற்காலியோ, சாயங்காலம் திரும்பும்போதும் அதே நாற்காலி. அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள் அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகளோடு வந்து நின்றார், எனக்குக் கோழி என்றாலே ஆகாது என்று தெரிந்தும். வீட்டுக்குப் பின்னால் நான் துணி காயப்போடும் இடத்தில் கூண்டு எழும்பியது. கீரைப் பாத்தி போன இடம் தெரியவில்லை. முட்டையிட ஆரம்பித்ததும், தானே இட்டதுபோல் ஒவ்வொன்றையும் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார், நானும் பார்த்துப் பூரித்துப்போக வேண்டுமாம்.

மழை பிடித்த வாரத்தில் கூண்டு நாறி, ஈ மொய்த்து, மாடிவீட்டு டியூஷன் மாஸ்டர் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஜன்னலைத் திறக்க முடியாமல் அவரும்தான் என்ன செய்வார். அதிகாரி வந்து, குடியிருப்புப் பகுதியில கோழி வளர்க்கவே கூடாதுங்க, மாசக் கடைசிக்குள்ள நீங்க எடுக்கலேன்னா நாங்க வந்து எடுத்துட்டுப் போயிடுவோம் என்றார். ராத்திரி பூரா குரைக்குதே எதிர்வீட்டு நாய், அதுக்கு மட்டும் அனுமதியா என்று அப்பா கேட்டார். நாய்க்குச் சட்டம் வேற என்று பதில் வந்தது. அவ்வளவுதான், விதியையே மாற்றுகிறேன் என்று கிளம்பிவிட்டார். மரத்தூள் போட்டு நாற்றத்தை அடக்கினார். மனு கொடுத்து மன்றக் கூட்டத்தில் பேச அனுமதியும் வாங்கினார். குளிக்கும்போதும் நகராட்சி மன்றத்தில் பேசப் போவதையே ஒப்பித்துக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

கூட்டத்தன்றைக்கு மைக் முன்னால் போய் நின்றாரே பார், வாயே திறக்கவில்லை. தலைவர் அடுத்தவரைக் கூப்பிடப் போனார். எனக்கு வந்த எரிச்சலுக்கு எழுந்து போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோழியே பிடிக்காதுங்க, ஆனா பிடிக்காததையெல்லாம் தடை பண்ணணும்னா முதல்ல இந்த மனுஷரைத்தான் பண்ணணும் என்றேன். சிரித்தார்கள். சிரிக்காதீங்க, நாத்தம் வந்தா நாத்தத்துக்கு அபராதம் போடுங்க, சேவல் கூவுதுன்னா சேவல் கூடாதுன்னு எழுதுங்க, இத்தனை கோழிக்கு மேல வேணாம், பக்கத்து வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளிக் கூண்டு வைன்னு சொல்லுங்க, அதை விட்டுட்டு மொத்தமாத் தடை போட்டா சுத்தமா வச்சிருக்கறவரும் அசிங்கமா வச்சிருக்கறவரும் உங்களுக்கு ஒண்ணாங்க என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இவர் நாற்காலிய விட்டு எழுந்ததே இதுங்களாலதான், மறுபடி அதுலயே உட்கார வச்சிடாதீங்க என்று எப்படியோ வாயில் வந்துவிட்டது. கண் வேறு கலங்கித் தொலைத்தது. மாஸ்டர் பின்வரிசையிலிருந்து எழுந்தார், தொலைந்தோம் என்று நினைத்தேன். இப்ப நாத்தம் இல்ல, ஆனா யாராவது அப்பப்ப வந்து பார்க்கணும், அப்படின்னா எனக்குச் சம்மதம் என்றார்.

ஒரு வருஷம் சோதனையாகப் பெட்டைக் கோழிகளை மட்டும் அனுமதிக்கிறார்கள். சந்தோஷம்தானே என்கிறாயா? கூண்டுகளைப் பார்வையிடும் குழுவுக்கு ஒரு குடும்பத் தலைவி வேண்டுமாம், ஏகமனதாக என்னைப் போட்டுவிட்டார்கள். கிடைக்கிற ஒரே விடுமுறை நாளில் ஊரார் வீட்டுக் கோழி எச்சத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பேக்கரிக்காரரை, கூண்டுக்கு அடியில் ஈரம் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். உன் அப்பா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார், போகிற வீட்டிலெல்லாம் இவதான் மன்றத்துல பேசினவ என்று சொல்லிக்கொண்டு. வெட்கமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு. நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எங்களுக்கு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ அனுப்பிய போட்டோவில் உன் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருப்பதை அப்பா பார்த்துவிட்டார். அங்கே விதி என்ன என்று கேட்பார். தெரியாது என்று சொல்லிவிடு.

இப்போதுதான் கையைக் கழுவிவிட்டு வந்து எழுதும்,
உன் அம்மா