பத்தோடு நிறுத்தச் சொல்

கல்முனை

அன்பு மகள் றாஹிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் டோஹாவில் சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத்தின் கோணலைப் பார்த்தே நீ பிடித்துவிடுவாய்.

இந்தக் கடிதமே ஆகிலா மிஸ் தந்த பயிற்சிதான். பேனாவில் துணி சுற்றி நாளுக்கு ஆறு வரி எழுதச் சொன்னார். வாதத்துக்குப் பார்க்கும் டொக்டர் தொழில்வழிச் சிகிச்சை என்று துண்டு எழுதித் தந்தபோது, எனக்கு ஏதோ தொழில் எடுத்துத் தரப் போகிறார்கள் என்று நினைத்தேன். மிஸ் இரண்டு வியாழனுக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வீடியோவில் வந்து, போத்தல் மூடி திறக்க, தேங்காய்ப்பால் பிழிய, தலை சீவ, மூட்டு நோகாத வழிகளைக் காட்டுகிறார். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து என் கைகளை மட்டும் காட்டுவேன். உன் வாப்பா மௌத்தாகிப் போன பிறகு யாரும் என் விரல்களை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பெருவிரலால் மற்ற விரல்களைப் பத்துத்தரம் தொடச் சொன்னார். தொட்டதும் வாய் தானாக ஸுப்ஹானல்லாஹ் சொல்லத் தொடங்க, தொழுகை முடிந்து எண்ணுவதுபோல் முப்பத்துமூன்றில்தான் நிற்பேன், அதுவும் மூன்று முறை. விரல்கள் வீங்கிவிட்டன. காரணம் கேட்டவர் சிரித்துவிட்டு, இது தஸ்பீஹ் இல்ல ராத்தா, எக்ஸசைஸ், வீட்டில மகள் இருக்காதானே, பக்கத்தில இருந்து எண்ணி நிப்பாட்டச் சொல்லுங்க, அடுத்தமுற அவவயும் கூப்பிடுங்க என்றார்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இதுதான். உதவிக்கு வீட்டில் யார் என்று முதல்நாள் கேட்டபோது, மகள் இருக்கா என்று சொல்லிவிட்டேன். யாருமில்லை என்று சொல்ல நா வரவில்லை. பிறகு மிஸ் உன்னைக் கேட்க, ஒரு வியாழன் நீ குளித்துக்கொண்டிருந்தாய், ஒரு வியாழன் மர்ஷூதா மாமி வீட்டுக்குப் போயிருந்தாய். வீடியோ முடிந்ததும் உன் அறைப்பக்கம் ஒருதரம் பார்ப்பேன், கொஞ்ச நேரத்துக்கு நீ இருப்பது போலவே இருக்கும்.

வரும் வியாழன், பதினெட்டாம் திகதி, மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்காக அழுதுகொண்டு டிக்கட் எடுத்துவிடாதே. இங்கே நாலு மணி, உனக்கு ஒன்றரை. வீடியோவில் நீயும் சேர்ந்துகொள். பெரிய கதை ஒன்றும் வேண்டாம் மகள், அங்கிருந்தே எண்ணு, பத்தானதும் போதும் உம்மா என்று சொல்.

ஈரத் தலையோடு ஏசியில் படுக்காதே. மருமகனுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் துணையாக வைத்திருக்கட்டும். ஒன்றரை மணி, மறந்துவிடாதே.

எட்டு நாளில் இதை எழுதி முடித்த உன் உம்மா,
நஸ்லின்