குளக்கரையில் நீங்கள் சொன்ன பெயர்கள்

அப்பா,

இன்று காலை அக்கராயனில், நம் வயலுக்கு மேலே திடீரென்று ஓர் இரைச்சல். என்னவென்று யோசிக்குமுன்பே நான் வரம்போடு ஒட்டிக் குப்புறக் கிடந்தேன். மருமகன் ஓடிவந்து தூக்கிவிட்டார். "மாமா, அது மருந்தடிக்கிற ட்ரோன். பயப்பிடாதேங்கோ." எழுபது வயதுக் கிழவன் முகமெல்லாம் சேறாக நின்றதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும், அடக்கிக்கொண்டார். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. ஆகாயத்தில் எது இரைந்தாலும் இன்றைக்கும் உங்கள்மேல்தான் வருகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தைப் பற்றிச் சின்ன வயதில் என்னிடம் என்ன சொன்னீர்கள்? "வெள்ளைக்காரன்ர சண்டைக்குப் போனனான். தந்தி அடிக்கிற வேலை." நான் நம்பினேன். ஏதோ ஒரு முகாமில் கதிரையில் இருந்து தட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையும் அடித்தேன். அந்தக் கதிரை குண்டு ஏற்றிய விமானத்துக்குள் இருந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

பல வருடம் கழித்து, நம் நாட்டுச் சண்டையில், நம் ஊருக்கு மேலேயும் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. தங்கச்சி பதுங்குகுழிக்கு ஓடினாள். போய்ச் சேரவில்லை.

அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை குளக்கரையில் நடந்தது. எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நேரம் ஐயர் வழக்கம்போலக் கேட்டார்: "வேற ஆருக்கும் பேர் சொல்ல இருக்கோ?" முன்பே போய்விட்ட அம்மாவின் பெயரைச் சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஜோர்ஜ், ஹரி, பீற்றர்" என்று அடுக்கத் தொடங்கினீர்கள். ஐயர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"ஆரப்பா இவை?"

"என்னோட பிளேனில பறந்த பெடியள். குண்டு போடப் போய் எரிஞ்சு போனவங்கள். அண்டைக்கு எனக்குக் காதுவலி, என்னை ஏத்தேல்லை. அவங்களுக்கு ஒருத்தரும் எள்ளுத்தண்ணி இறைச்சிருக்க மாட்டினம்."

"தங்கச்சியின்ர அந்தியேட்டியிலயோ?"

"வேற எங்க சொல்லுறது? சண்டை முடிய, சனம் இருக்கிற ஊருகளில குண்டு போட்டவங்கள் எண்டு அனுப்பினவையே எங்களைக் கண்டா மற்றப் பக்கம் பாத்தவை. வீட்டில சொன்னா நீயும் அப்பிடித்தான் பாத்திருப்பாய்."

நான் செம்பைக் குளத்துக்குள் எறிந்துவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் இருந்தோம், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிரக் கதை இல்லை. தங்கச்சியைக் கொன்ற விமானத்திலும் உங்களைப் போல ஒருவர் இருந்திருப்பார், பிள்ளைகளிடம் தந்தி வேலை என்று சொல்லிக்கொண்டு. அந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நான் விளங்காதவன் இல்லை. மீசை அரும்பும் வயதில் உங்களை ஏற்றி அனுப்பினார்கள். திரும்பி வராதவர்களுக்குச் சாம்பல்கூட இல்லை. வெற்றியை எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டுவந்த உங்களை நினைத்து வெட்கப்பட்டார்கள். அது துரோகம்தான், அப்பா. ஆனால் நீங்கள் எனக்குச் செய்ததை நான் என்னவென்று சொல்வது?

இடம்பெயர்ந்து அலைந்ததெல்லாம் முடிந்து, வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்தீர்கள். "என்ர பேரைச் சொல்லேக்க அவங்கட பேரையும் சொல்லு ராசா."

"கீழ நிண்ட ஆக்களின்ர பேர், அப்பா?"

"தெரியாதடா. எனக்கு ஒண்டும் தெரியாது." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் உங்களைத் திருப்பவில்லை.

ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் முல்லைத்தீவுக் கடலுக்குப் போகிறேன். ஐயர் கேட்கிறார், நான் சொல்கிறேன். தங்கச்சியின் பெயரைச் சொல்ல முடிகிறது. ஜோர்ஜ், ஹரி, பீற்றர், மற்றவர்கள், எல்லோரையும் தடுமாறாமல் சொல்கிறேன். பாவம், அவர்கள் எனக்கு ஒன்றையும் மறைக்கவில்லை. உங்கள் பெயர் வரும்போதுதான் நான் மற்றப் பக்கம் பார்க்கிறேன். ஐயர் இரண்டாந்தரமும் கேட்கவேண்டி வருகிறது.