கணினிக்குள் நீ பிழைத்த வாரம்

என் செல்ல ரமணி அண்ணா,

கொச்சி ஜூ டவுனில் நீ வேலை பார்த்த மிளகுக் கிடங்கைக் காபிக்கடையாக்கிவிட்டார்கள். உன் மேஜை இருந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீ பார்த்திருந்தால் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பாய்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. இடப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் கணினிக்குள் ஒரு கல்லீரலைக் கட்டி, ஹெபடைடிஸ் பி கிருமி மனிதனுக்குள் எப்படி வருஷக்கணக்கில் தங்குகிறது என்று பார்க்கிறோம். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து நம் இருவருக்கும் வந்த அதே கிருமி. உன் பழைய பரிசோதனை முடிவுகளைக் கொடுத்து உன்னையும் அதில் ஓடவிட்டேன். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்னிக்கு அவன் எப்படியிருக்கான்?" என்பாள்.

ஏன் கேட்கிறாள் என்று உனக்குத் தெரியும். "ரத்தத்துல சூக்கேடு, கிருமி ஒண்ணும் இல்லைன்னு டெஸ்டுல வந்தாச்சு, பின்னே மருந்து எதுக்குடா?" என்று அவள் சொல்லித்தான் நீ மாத்திரையை நிறுத்தினாய். அடுத்த மழைக்காலத்தைக்கூட நீ தாண்டவில்லை.

போன வாரம் கணினியில் பிழைத்துவிட்டாய். மாத்திரையை நிறுத்திய பிறகும்! ஓடிவந்து சொன்னேன். "அப்போ நான் சொன்னதுனால இல்லை" என்று அம்மா அழுதாள். அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் கூட வேலை செய்யும் ஜிஷா என் நிரலைப் பார்த்தாள். "சேச்சி, ரத்தத்துல காணலைன்னா கல்லீரல்லயும் இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" என்றாள். ஆமாம். கல்லீரல் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியையும் சேர்த்துப் பூஜ்யமாக்கியிருந்தது அந்த ஒரு வரி. அம்மா செய்த அதே தப்பை, இவ்வளவு படித்துவிட்டு நான் செய்திருக்கிறேன். திருத்தி ஓட்டினேன். மறுபடியும் இறந்தாய். எத்தனை முறை உன்னைச் சாகக் கொடுப்பேன், அண்ணா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் முகம் இப்போதுதான் தெளிந்திருக்கிறது. ஆனால் நேற்று, "உனக்கும் மருந்து மதி, போதும், நிறுத்திக்கோடி. நிறுத்தினதுனால அவனுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மாத்திரையை விழுங்குகிறேன். சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் கதவுக்குப் பின்னால்தான். நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

நாளைக் காலை அவள் எதிரில் உட்கார்ந்தே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். ஏன் என்று கேட்பாள். சொல்வேன். சொல்லிவிட்டு அவள் கையை விடமாட்டேன். இது உனக்குச் செய்யும் சத்தியம்.

அம்மாவுக்கு மிச்சமிருக்கும் பிள்ளை,
உன் தங்கை ராஜி