கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமாவுக்கு

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய மாமா,

தண்ணீர் வந்துவிட்டது. ஆயுள் முழுக்க மனுக் கொடுத்து, வந்த அதிகாரிகளுக்கெல்லாம் நுங்கு வெட்டிக் கொடுத்து நீங்கள் கேட்ட தாமிரபரணி வெள்ளம், கடலில் போய் விழாமல் நம் செம்மணல் காட்டுக்குள் வந்துவிட்டது. இந்த ஐப்பசியில் கால்வாய் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் கல்லறைக்கு வர வழியில்லாமல் போய்விட்டது.

யாரைக் குறை சொல்ல? அளக்க வந்தவர்கள் நம் நிலத்தின் ஓரமாகத்தான் கல் நட இருந்தார்கள். நீங்கள்தான் விடவில்லை. "கெணத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல விடுங்க சார், ரெண்டு பக்கமும் ஊறட்டும்" என்று பிடிவாதம் பிடித்தீர்கள். போகிற காலத்தில் இன்னொரு பிடிவாதம். "ஏளா, என்னைய கெணத்துப் பக்கத்துலயே வைங்க. தண்ணி ஏறுறத நான் பாக்கணும்."

அன்றைக்குக் கால்வாய் என்பது வரிசையாக நட்ட கற்கள்தான். அவற்றைத் தாண்டித்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். நடுவில் ஆளை முழுங்குகிற தண்ணீர் ஓடும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஏன் மாமா? "பாலம் போடுவாங்க" என்றீர்கள். போட்டார்கள், பக்கத்து ஊரில்.

வெயில் காலத்தில் கவலையில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காய்ந்த கால்வாயில் இறங்கி ஏறினால் உங்களிடம் வந்துவிடலாம். மழைக்காலத்தில்தான் இந்தப் பாடு. பாலம் ஏறிச் சுற்றி வரலாமே என்பீர்கள். போன வாரம் ஸ்கூட்டியில் அதையும் செய்து பார்த்தேன். முன்பு அங்கே வெறும் உடைமரக் காடு, யார் வேண்டுமானாலும் குறுக்கே நடக்கலாம். இப்போது கிணறுகள் ஊறி, ஒரு சாண் நிலம்கூடச் சும்மா கிடக்கவில்லை. வாழையும் முருங்கையுமாக இருக்கிறது, எல்லாவற்றையும் சுற்றிக் கம்பி வேலி. நம் நிலத்தை ஒட்டித் தோட்டம் போட்டிருக்கும் பொன்ராஜ் அண்ணாச்சியின் வேலியில் முட்டி நின்று, உங்கள் சிலுவையின் தலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அண்ணாச்சியிடம் வழி கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நம் அக்கரை நிலத்தை மறுபடியும் விலைக்குக் கேட்பார்.

ஊருக்கு நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். உப்புத் தண்ணீரில் பால் திரிந்த காலம் போய், டீ இப்போது டீயாக இருக்கிறது. சென்னையில் மளிகைக் கடை வைத்திருந்தவர்கள் கடையை விட்டுவிட்டு முருங்கை போட வந்திருக்கிறார்கள். கூடங்குளத்துக்குக் காண்ட்ராக்ட் வேலைக்கு ஓடியவர்களுக்கு உள்ளூரிலேயே வாழைத்தார் வெட்டும் வேலை கிடைக்கிறது. சாயங்காலமானால் லாரி வந்து நிற்கிறது. எல்லோரும் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் மட்டும் இரண்டாய்ப் போன நிலத்தின் இந்தத் துண்டில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் துண்டுக்கு டிராக்டர் போக வழியில்லை. விளைந்தால் கொண்டுவரவும் வழியில்லை.

உங்கள் மகன் துபாயிலிருந்து பேசும்போதெல்லாம் ஒரே பாட்டு. "ஏளா, அண்ணாச்சி நல்ல வெலைக்குக் கேக்காரு. குடுத்துருவோம். அப்பாவ சர்ச் கல்லறைக்கு மாத்திருவோம்."

"நீங்க வந்து தோண்டுதியளா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் என்னைக் கொல்கிறது. விற்றால் நீங்கள் எங்கள் பக்கம் வந்துவிடுவீர்கள், ஆனால் கிணறு போய்விடும். விற்காவிட்டால் கிணற்றோடு அங்கேயே கிடப்பீர்கள், தனியாக. எது வேண்டும் உங்களுக்கு?

நேற்று கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவத்தியுமாகக் கரையில் போய் நின்றேன், ஸ்கூல் வேனைத் தவறவிட்ட பிள்ளை மாதிரி. அந்தப் பக்கம் அண்ணாச்சி வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அங்கன நிக்க?"

"மாமாவுக்கு மெழுகுவத்தி ஏத்தணும் அண்ணாச்சி. வர வழியில்ல."

அவர் பம்ப்செட் அறைக்குள் போய், கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவத்தியை எடுத்துவந்தார். தன் வேலியில் கம்பியை விலக்கிப் பைய நுழைந்து போய், உங்கள் தலைமாட்டில் ஏற்றி வைத்தார். அப்புறம் கிணற்றை எட்டிப் பார்த்தவர் அங்கிருந்தே கத்தினார்.

"எம்மா! குனிஞ்சு கைய விட்டா தண்ணி தொடுதும்மா!"

கேட்டீர்களா மாமா? ஒரு வாளி தண்ணீருக்குக் கயிற்றோடு கயிறு முடிச்சுப் போட்டு நீங்கள் இறக்கிய கிணறு அது. நான் அப்படியே கரையில் உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை உங்கள் மகனிடம் விற்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்கும் சொல்லியனுப்பினேன். நிலம் கிடையாது, கிணற்றுத் தண்ணீரை வேண்டுமானால் பாய்ச்சிக்கொள்ளுங்கள், எனக்கு வேலியில் ஒரு கேட் வையுங்கள் என்று. "பாப்போம்மா" என்றாராம். அந்தப் 'பாப்போம்' எத்தனை வருஷம் இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

அதுவரை ஒவ்வொரு ஐப்பசியிலும் இந்தக் கரையில்தான் நிற்பேன். இந்தத் தண்ணீர் ஒருநாள் வடிந்து தரக்கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும், உங்களிடம் மறைப்பானேன். ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன் மாமா. இது வற்றட்டும் என்று ஒருநாளும் ஜெபம் பண்ண மாட்டேன்.

இக்கரையிலிருந்து,
உங்கள் மருமகள்
கிரேஸ்