தூமாரின் கடைசி அத்தியாயம்

ஏப்ரல் 13, ஞாயிறு

மாவு தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

இன்று ரக்கியா பெரியம்மா வீட்டில் பேரனுக்குக் கால்நூல் வெட்டினார்கள். குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கிறான். கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் அவன் கால்கள் இரண்டையும் கட்டி முற்றத்தில் நிறுத்தினார்கள். பிள்ளைகளெல்லாம் தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தார்கள். முதலில் வருபவர் நூலை வெட்ட வேண்டும். வெட்டுபவரின் நடையும் குணமும் குழந்தைக்கு ஒட்டும் என்பார்கள்.

பெகாயிம் முதலில் வந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, பெற்ற நானும்தான். சமையலறைக்குப் போவதற்குள் இரண்டு கதவில் இடித்துக்கொள்கிற பெண். சந்தோஷத்தில் இரண்டு கையையும் உதறி உதறிக் குதித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள்.

பெரியம்மா குனிந்து அவள் விரல்களிலிருந்து அதை மெல்லக் கழற்றினார். "நீ சமத்துப் பொண்ணுல்ல, திலெக்கிட்ட குடுத்துடு கண்ணு." திலெக் இரண்டாவதாக வந்த பையன். அவன் வெட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

என் நாத்தனார் அசில்கான் தன் மகன் சஞ்சாரை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள். நானே வாய் திறக்கவில்லை, அவளை என்ன சொல்ல?

காரில் என் கணவர் எர்மெக் சொன்னார்: "பெரியவங்க பயப்படுறாங்க மேரிம், வேற ஒண்ணுமில்ல."

"என்ன பயம்? ஆட்டிசம் கத்தரிக்கோல் வழியா ஒட்டிக்குமா?"

பின் இருக்கையிலிருந்து பெகாயிம் வீடு வரும்வரை ஒரே கேள்வி. "முதல்ல வந்தவங்கதானே அம்மா வெட்டணும்?"

ஏப்ரல் 14

பல் துலக்கும்போதும் அதே கேள்வி. ஆமாம் என்றேன். பிறகு ஏன் என்றாள். மாவு வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 20

கதை எழுத ஆரம்பித்துவிட்டேன். வானொலியில் வானிலை வாசிக்கிறவளுக்கு மத்தியானம் வேறு என்ன வேலை. முதல் புத்தகம் வந்து வருஷங்கள் ஆகின்றன, பிஷ்கெக்கிலிருந்து பதிப்பாசிரியர் ஜிபார் அக்கா அவ்வப்போது "என்ன, மலை இன்னும் எலியைப் பெறலையா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நாயகி தூமார். பத்து வயது. அவள் கால்நூலை யாரும் வெட்டவில்லை, அதனால்தான் தடுக்கி விழுகிறாள் என்று ஊர் பேசுகிறது. ஏழுதலைக் கிழவி ஒருத்தி மலையிலிருந்து இறங்கி ஊரின் சத்தங்களையெல்லாம் விழுங்கிவிடுகிறாள். ஆறு ஓடுகிறது, சத்தமில்லை. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறது. தூமாருக்கு மட்டும் அப்பாடா என்றிருக்கிறது! ஆனால் அவளுடைய ஆட்டுக்குட்டியின் குரலும் போய்விட்டதே. அவளுக்குப் பிடித்த ஒரே சத்தம் அதுதான். அதை மீட்கக் கிளம்புகிறாள்.

மே 6

பெகாயிமுக்கு மூன்று அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். தூமார் கைகளை உதறினால் புயல் எழும்பும் என்று எழுதியிருந்தேன்.

"எழும்பாது" என்றாள்.

"கதைடி."

"நான் எவ்வளவோ உதறிப் பார்த்திருக்கேன். காத்து வராது. சந்தோஷமா இருந்தா உதறுவோம், அவ்வளவுதான்."

புயலை அடித்துவிட்டேன். ஆட்டுக்குட்டி ஒரு இடத்தில் வெள்ளை, இன்னொரு இடத்தில் பழுப்பு என்பதையும் கண்டுபிடித்தாள். ஜிபார் அக்காவுக்குக்கூட இந்தக் கண் கிடையாது.

மே 29

கிழவியை எப்படி ஜெயிப்பது என்று தெரியாமல் நாட்கணக்கில் திண்டாடினேன். இன்று காலைச் சாப்பாட்டில் நானும் எர்மெக்கும் ஒரே நேரத்தில் பேச, பெகாயிம் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "ஒவ்வொருத்தரா!"

கிடைத்துவிட்டது. கிழவியின் ஏழு தலைகளும் ஒன்றாகப் பேசித்தான் வீரர்களை வழியிலேயே மயக்கிவிடுகின்றன. தூமார் காதைப் பொத்திக்கொண்டு சொல்கிறாள்: ஒவ்வொருத்தரா பேசுங்க, எனக்கு ஒண்ணும் கேக்கலை. அதுவரை தலைகளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. யார் முதலில் பேசுவது என்று ஏழும் அடித்துக்கொள்கின்றன. நானே சிரித்துக்கொண்டு எழுதினேன். தேநீர் ஆறிப்போனது.

ஜூன் 18

ஜிபார் அக்கா தொலைபேசியில் வந்தார். கதை ரொம்பப் பிடித்திருக்கிறதாம். முடிவுதான் உதைக்கிறதாம். "கிழவி விழுந்ததும் அந்தக் கால்நூல் தானா அறுந்துடணும் மேரிம். பொண்ணு கையை உதறுறது நின்னுடணும். விருந்துல எல்லாரோட உக்காந்து பாடணும். பிள்ளைங்களுக்கு நம்பிக்கை குடுக்க வேண்டாமா?"

யோசிக்கிறேன் என்றேன். அப்போதே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன்? எனக்கும் அந்த விருந்து வேண்டியிருக்கிறதோ?

ஜூன் 27

அக்கா கேட்டபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது, அதுதான் பிடிக்கவில்லை. பெகாயிமும் வாசித்தாள். எந்தத் தவறும் சொல்லவில்லை.

ஜூலை 3

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாகவே சாப்பிடும்போது பெகாயிம் உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். குளிர் என்று நினைத்தேன். ஜூலையில் என்ன குளிர்! இன்று எர்மெக் சந்தையிலிருந்து ஒரு கூடை ஆப்ரிகாட் கொண்டுவந்தார். அவளுக்கு உயிர். முகமெல்லாம் மலர்ந்தது, தோள் இரண்டும் துள்ளின, கைகள் மட்டும் வெளியே வரவில்லை. இழுத்துப் பார்த்தேன். விரல்கள் சிவந்து கிடந்தன.

"ஏன்டி இப்படி?"

"கடைசி அத்தியாயத்துக்குப் பழகுறேன்."

பாவி. நான் பாவி. அந்த மூன்று பக்கத்தையும் எந்தக் கையால எழுதினேன்? என் பொண்ணைப் பார்த்து எழுதுன கதை, அவகிட்டயே போய், நீ எல்லாரோட உக்காரணும்னா உன் கை நிக்கணும்னு சொல்லிடுச்சே.

அவளைக் கட்டிக்கொள்ள முடியாது, பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த அத்தியாயம் தப்பு, அம்மா தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"ஆட்டுக்குட்டி நிறம் மாதிரியா?"

"அதைவிடப் பெரிய தப்பு."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை எடுத்தாள், ஆப்ரிகாட்டுக்காக.

ஜூலை 5

முடிவை மாற்றிவிட்டேன். பெகாயிம் சொல்லச் சொல்ல எழுதியது. தூமார் ஊர்ச் சத்தங்களையெல்லாம் மீட்டு வருகிறாள். விருந்தில் இரைச்சல் தாங்காமல் கூடாரத்துக்கு வெளியே ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவள் கை அவள் இஷ்டம். ஊரில் ஒரு குழந்தை நடக்கத் தொடங்குகிறது. அதன் கால்நூலைத் தூமார் வெட்டுகிறாள்.

"ஏன் தூமார்?" என்று கேட்டேன்.

"கிழவிகிட்ட முதல்ல போய்ச் சேர்ந்தது அவதானே."

ஜூலை 21

ஜிபார் அக்காவுக்குக் கோபம். "கதைன்னாலும் நம்புற மாதிரி இருக்க வேண்டாமா? அப்படிப்பட்ட பொண்ணு கையில கத்தரிக்கோலைக் குடுக்க எந்த வீட்டுலயாவது ஒத்துக்குவாங்களா, நீயே சொல்லு!"

ஏழு தலைக் கிழவியை நம்புகிறார். இதை நம்ப முடியவில்லையாம்.

பழைய முடிவென்றால் புத்தகம், இல்லையென்றால் இல்லை என்றார். இல்லை என்றேன். இந்தத் தடவை வாய் வந்தது. பிறகு துணி துவைத்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக முடிந்தன.

ஆகஸ்ட் 17

ஞாயிறுதோறும் பெகாயிம் அசில்கான் வீட்டில் சஞ்சாருக்குத் தூமார் கதை வாசிக்கிறாள். கேட்க ஆளிருந்தால் போதும், அவனுக்குப் புரிகிறதா என்ற கவலையே அவளுக்கு இல்லை. அவன் தாளைத் தின்னப் பார்க்கிறான். அசில்கான் நூடுல்ஸ் மாவு தேய்த்துக்கொண்டே கேட்கிறாள். கடைசி அத்தியாயம் வந்தபோது தேய்ப்பதை நிறுத்திவிட்டு நின்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சஞ்சார் நடக்கிறான். இன்று அவனுக்குக் கால்நூல்.

பிள்ளைகள் தெருக்கோடியில் நின்றார்கள். இந்த ஓட்டத்துக்கு ஊரே கூச்சல் போடும், அதுதான் வழக்கம். பெகாயிம் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கப் பார்த்தாள். அசில்கான் முற்றத்து நடுவில் வந்து நின்று சொன்னாள்: "என் பிள்ளை விசேஷத்துல யாரும் கத்தக்கூடாது. ஓடி முடிச்சப்புறம் வேணும்னா கத்துங்க."

"சத்தமில்லாம என்னடி விசேஷம்? எழவு வீடா?" என்றார் ரக்கியா பெரியம்மா.

"அப்படியே இருக்கட்டும் பெரியம்மா."

பிள்ளைகளின் காலடி மட்டும் கேட்டது. பெகாயிம் கைகளைக் காதிலிருந்து எடுத்தாள். ஓடினாள். பாதியில் கால் தடுக்கியது, விழவில்லை. முதலில் வந்தாள்.

கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்து, பின்னால் மூச்சிரைக்க வந்த திலெக்கிடம் நீட்டினாள்.

"இந்தா. ரெண்டாவதா வந்தவங்கதான் வெட்டணும்."

ஏப்ரலில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் அது. திலெக் பாவம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அசில்கான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அந்தச் சட்டம் தப்பு பெகாயிம். முதல்ல வந்தவங்கதான் வெட்டணும்."

"நான் அன்னைக்கே சொன்னேனே, அத்தை."

"சொன்னே. எங்களுக்குத்தான் கேக்கலை."

"அசில்கான்" என்றார் பெரியம்மா, தணிந்த குரலில். "வெட்டுறவங்க குணம் பிள்ளைக்கு வரும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் பெரியம்மா. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. என் மகனுக்கு வரட்டும்."

பெகாயிம் வெட்டினாள். முறுக்கிய நூல், ஒரே வெட்டில் போகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி வெட்டினாள். சஞ்சார் இரண்டடி வைத்து, பொத்தென்று உட்கார்ந்தான். அவள் இரண்டு கையையும் உதறிக் குதித்தாள். அவளைப் பார்த்துக் குழந்தையும் கைகளை உதறினான். அந்த வயதில் எல்லாக் குழந்தையும் செய்வதுதான். பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்.

வரும்போது எர்மெக் கார் ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பெகாயிம் பின்னால் தூங்கிவிட்டாள், கேள்வி எதுவும் இல்லாமல்.

நாளைக் காலை ஜிபார் அக்காவைக் கூப்பிட வேண்டும். புத்தகம் போடுங்கள் என்று கேட்கப்போவதில்லை. எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்று கேட்டாரே, விலாசம் சொல்லப்போகிறேன்.